புதுச்சேரியில் அரைமணி நேர அம்மா

கிள்ளானிலிருந்து புறப்படும்போது என் கைப்பையில் ஒரு ஜோடி குட்டித் தங்கத் தோடு இருந்தது. புதுச்சேரியில் என் தம்பி சரவணனின் மகளுக்குக் காதுகுத்து. அத்தை வராமல் காதுகுத்து எப்படி நடக்கும், நீ வந்தால்தான் ஆச்சு என்று அவன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொல்லை செய்துவிட்டான். அவன் எனக்குக் கூடப்பிறந்த தம்பியில்லை. என் தாத்தா மலேயாவுக்கு ரப்பர் மரம் சீவப் போனார். அவருடைய தம்பி புதுச்சேரியிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனார். அந்தத் தம்பியின் பேரன் இவன். நடுவில் கடலே இருந்தாலும் பங்காளி பங்காளிதான். துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இந்தக் கட்டுரை காதுகுத்தைப் பற்றியது அல்ல. நான் அங்கே இருந்தவரை அது நடக்கவேயில்லை. எதற்காக என்னை அழைத்தார்கள் என்பது போய்ச் சேர்ந்த மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்தபோது வந்த கோபம் ஊர் திரும்பியும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வந்த பேருந்து மரக்காணம் தாண்டியதும் நின்றுபோனது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கு முறுக்கு கொடுத்தார். முறுக்கைக் கடித்து முடிப்பதற்குள் என் வயது, வேலை, சம்பளம், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது வரைக்கும் கேட்டு வாங்கிவிட்டார். எங்கள் ஊர் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் மயங்கி விழுந்தாலும் கைப்பேசியிலிருந்து தலை நிமிராத கூட்டத்தில் பழகியவள் நான். எனக்கு அந்த விசாரணை பிடித்திருந்தது. மாற்றுப் பேருந்து வந்தபோது அவரைப் பிரிய மனமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் நெல்லித்தோப்பு போகவேண்டும் என்றேன், தமிழில்தான். அவர் என் கால்சட்டையைப் பார்த்தார், சக்கரம் வைத்த பெட்டியைப் பார்த்தார், ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் மறுபடி தமிழில் பேசினேன். அவர் மறுபடி ஆங்கிலத்தில் கூலி சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னால் கூலி கூடும் போலிருக்கிறது. அண்ணே, நானும் தமிழ்தான் என்றதும் சிரித்துவிட்டு, "தெரியுதுக்கா. ஆனா வெளிநாட்டுலருந்து வரவங்ககிட்ட தமிழ்ல பேசினா சில பேரு கோச்சிக்கறாங்க" என்றார். யார் அந்தச் சில பேர் என்று கேட்டேன். நம்ம ஆளுங்கதான் என்றார்.

சரவணன் குடியிருப்பது ஒரு சந்தில், மாடியில். படியேறும்போதே அவன் மனைவி செல்வியின் குரல் வரவேற்றது. பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். "வாங்க அண்ணி, பஸ்ஸு நின்னுபோச்சாமே, காலைலருந்து இந்த மனுசன் போனு போட்டுக்கிட்டே இருக்காரு, நீங்க எடுக்கல, நான் சொன்னேன் அவங்க என்ன கொழந்தையா வந்துடுவாங்கன்னு, மொதல்ல கால நீட்டி ஒக்காருங்க" என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டே பெட்டியைப் பிடுங்கினாள். அந்தத் தெருவிலேயே அவள்தான் வாய்க்காரி என்று சரவணன் முன்பே சொல்லியிருந்தான். காய்காரன் அவள் வாசலில் எடைக்கல்லை இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் வைப்பானாம்.

அப்போது உள்ளறையிலிருந்து குழந்தை வந்தது. பெயர் தியா, நான்கு வயது. குழந்தையைப் பார்த்ததும் செல்வியின் பேச்சு, பாதி வாக்கியத்தில், மிக்ஸியை அணைத்ததுபோல நின்றது. "பேபி, கம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "சிட்" என்றாள். குழந்தை வந்து உட்கார்ந்தது. செல்வி தட்டில் இட்டிலி கொண்டுவந்து வைத்து, "ஈட்" என்றாள். அவ்வளவுதான். குழந்தை சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் துடைத்துவிட்டாள், தலையைக் கோதினாள், சிரித்தாள். ஊமைப்படம் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

குழந்தை டியூஷனுக்குப் போன பிறகு அடுப்படியில் நின்று விசாரித்தேன். செல்விக்குக் குரல் திரும்பியிருந்தது. கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். ஊரிலேயே பேர்போன ஒரு ஆங்கிலப் பள்ளியில் தியாவைச் சேர்க்கப் போகிறார்கள். நேர்காணல் வைத்துத்தான் எடுப்பார்களாம், குழந்தைக்கும் பெற்றோருக்கும் சேர்த்து. அதுவரை குழந்தையின் காதில் ஒரு தமிழ்ச் சொல்கூட விழக்கூடாது என்று டியூஷன் மிஸ் கட்டளை போட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரிஞ்சதே கம்மு, கோவு, சிட்டு, ஈட்டு, ஸ்லீப்பு, நோவுதான் அண்ணி. அதுக்கு மேல பேசினா தமிழு வந்துடுது. அதனால பேசறதையே வுட்டுட்டேன்" என்றாள்.

எவ்வளவு நாளாக என்றேன். தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றாள். நான் போனது மாசி மாதம்.

காதுகுத்து எப்போது என்று கேட்டேன். தள்ளிப் போட்டாச்சு, காது வீங்கினால் குழந்தை நேர்காணலில் அழும் என்றாள். அப்படியென்றால் என்னை எதற்கு இப்போது வரச்சொன்னான் என்று கேட்டதற்கு, அவர் சொல்லுவாரு அண்ணி என்று குழம்புக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். குழம்பு அருமையாக இருந்தது. எங்கள் ஊர்க் கருவாடு உப்புக்கல். இது மீனின் ருசியை மறக்காத கருவாடு. ஆனாலும் பாதிதான் சாப்பிட முடிந்தது.

மறுநாள் சரவணன் என்னைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனான். பழைய வெள்ளைக்காரத் தெருக்களில் ஒரு ஓட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் வேலை அவனுக்கு. மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் தெருப்பெயர். தெருப்பெயரில் தமிழ் இருக்கிறது, தெருவில் இல்லை. நாங்கள் உட்கார்ந்த காபிக்கடையில் பட்டியலில் பிரெஞ்சுப் பலகாரம் இருந்தது, இத்தாலிக் காபி இருந்தது, டீ இருந்தது. ஆனால் எதுவும் தமிழில் இல்லை. பரிமாற வந்த பெண்ணிடம் தமிழில் கேட்டேன். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்திலேயே விளக்கினாள். உங்க ஊர் எதும்மா என்றேன். அவள் பின்னால் திரும்பி மேலாளர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டுக் குனிந்து, "திருக்கனூர் பக்கம்க்கா. இங்க தமிழ்ல பேசினா சாரு திட்டுவாரு" என்று ரகசியமாகச் சொன்னாள்.

திருக்கனூருக்கும் அந்தக் கடைக்கும் டவுன் பஸ் ஓடுகிறது. அந்தப் பெண் தினமும் அதில் ஏறி வந்து, படியில் இறங்கும்போதே தன் மொழியை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போகிறாள். கடையில் அன்றைக்கு ஒரே ஒரு வெள்ளைக்காரர்தான் இருந்தார். மற்ற மேசை முழுக்கத் தமிழர்கள். அவர்களும் குழந்தைகளிடம் ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டிருந்தார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

எங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. தமிழ்ப் பள்ளியா, மலாய்ப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று அங்கேயும் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப் பள்ளிக்கு முந்தைய புகுமுக வகுப்பில் உட்கார்ந்தபோது மலாயும் வராது, ஆங்கிலமும் வராது. பிறகு இரண்டும் வந்தன. அலுவலகத்தில் கப்பல்காரர்களோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுகிறேன், அரசாங்க முகப்பில் மலாயில் கெஞ்சுகிறேன், வீட்டில் அம்மாவோடு தமிழில் சண்டை போடுகிறேன். ஒன்று வருவதற்காக இன்னொன்றை யாரும் என் வாயிலிருந்து பிடுங்கவில்லை. ஆங்கிலம் படிப்பதோடு எனக்கு எந்த வழக்கும் கிடையாது. சோறு போடும் மொழியை வேண்டாம் என்பேனா?

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்ததும் சரவணன் விஷயத்துக்கு வந்தான். அவன் பத்தாண்டுக்கு மேலாக அந்த ஓட்டலில் இருக்கிறான். போன வருடம் மேலாளர் இடம் காலியானபோது எல்லாரும் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். வந்தது வெளியூரிலிருந்து ஒரு சின்னப் பையன். படுக்கை விரிப்பு எத்தனை நாளில் நைந்துபோகும் என்றுகூட அவனுக்குத் தெரியாது, ஆனால் ஆங்கிலம் மழையாகக் கொட்டும். விருந்தினர் முன்னாலேயே சரவணனின் ஆங்கிலத்தைத் திருத்துகிறானாம். "வெள்ளக்காரன் யாரும் என்னக் கேவலமா பாத்ததில்லக்கா. சைகையிலயே சிரிச்சிட்டுப் போயிடுவான். நம்ம ஆளுங்கதான்" என்றான்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவனோடு சேர்ந்து அந்தப் பையனைத் திட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அடுத்துக் கேட்டான்: நேர்காணலுக்குச் செல்விக்குப் பதிலாக நான் வரவேண்டும். அம்மாவாக.

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் விளக்கினான். பெற்றோர் இருவரும் ஆங்கிலத்தில் பேசவேண்டும், அவன் ஒருமாதிரி சமாளித்துவிடுவான், செல்வியால் முடியாது. டியூஷன் மிஸ்தான் யோசனை சொன்னாராம். இந்த ஊரில் நிறையப் பேர் இப்படித்தான் சித்தியை, அக்காவைக் கூட்டிப்போகிறார்களாம். விண்ணப்பத்தில் ஒட்டிய செல்வியின் போட்டோவை யாரும் பார்க்க மாட்டார்களாம். குழந்தைக்கும் சொல்லிப் பழக்கியாகிவிட்டதாம், மலேசியாவிலிருந்து வரும் அத்தைதான் அன்றைக்கு மம்மி என்று.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் சுண்டல் விற்றவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார். பெற்றவள் வீட்டில் இருக்க இன்னொருத்தியைக் காட்டி வாங்கும் படிப்பு என்ன படிப்பு என்றேன். மாட்டேன் என்றேன். திரும்பும்போது வழிநெடுக ஆளேற்றும் டெம்போவில் நெருக்கியடித்து எதிரெதிரே உட்கார்ந்து, அவன் கைப்பேசியைப் பார்த்தான், நான் சாலையைப் பார்த்தேன்.

வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு முதியவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களை அங்கே சொல்தா என்கிறார்கள். என்னைப் பார்த்து போன்சூர் என்றார், நான் வணக்கம் என்றேன். எங்கள் சண்டை அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவர் காலத்தில் பிரெஞ்சு பேசினால் நாற்காலி போடுவார்களாம். வீட்டில் அவரும் மனைவியும் பிள்ளைகளிடம் பிரெஞ்சுதான் பேசினார்களாம். இப்போது பிள்ளைகள் பாரிஸ் பக்கம். "பேரப்புள்ளைங்க போன்ல பேசுது, எனக்கு வெளங்குது. ஆனா எனக்கு ஒடம்பு சரியில்லன்னு தமிழ்ல சொன்னா அதுங்களுக்கு வெளங்கல. பிரெஞ்சுல சொன்னா எனக்கே வலிக்கற மாரி இல்ல" என்று சிரித்தார். பிறகு, இந்த ஊர் ஒரு மொழிக்குக் கும்பிடு போட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்றார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேர்காணல் அன்று காலை செல்வி எனக்குக் காபி கொண்டுவந்தாள். அவளுடைய கல்யாணப் பட்டுப்புடவையை மடித்து என் படுக்கையில் வைத்தாள். நான் புடவையைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்தேன். நீ கட்டு, நீ வா, நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "நான் அங்க வந்து பேந்தப் பேந்த முழிச்சா அவளுக்கு சீட்டு போயிடும் அண்ணி. நான்தான் கெடுத்தேன்னு காலத்துக்கும் இருக்கும். போய்ட்டு வாங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்" என்றாள்.

கும்பிடவும் செய்தாள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. புடவையைக் கட்டிக்கொண்டேன்.

டெம்போவில் போய் இறங்கினால் மதிப்பில்லை என்று சரவணன் நண்பர் ஒருவரின் காரைக் கேட்டு வாங்கியிருந்தான். அது சந்திலிருந்து வெளியே வந்து நெல்லித்தோப்பு சிக்னலில் செத்துப்போனது. பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் எங்கள் வம்சத்தையே வாழ்த்தின. அந்த வாழ்த்துகள் நல்ல சுத்தமான தமிழில் இருந்தன. கடைசியில் காரை ஓரம் தள்ளிவிட்டு டெம்போவில்தான் ஏறினோம். பட்டுப்புடவையில் நான், மடியில் தியா, எதிரே மீன்கூடையோடு ஒரு அம்மா. பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிவிடலாம் என்றான் சரவணன். யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

வழியில் தியா என் வளையலை உருட்டிக்கொண்டே வந்தது. சாப்பிட்டாயா பாப்பா என்று தமிழில் கேட்டேன். குழந்தை பயந்துபோய் அப்பாவைப் பார்த்தது. பிறகு உதட்டில் விரலை வைத்து எனக்கு உஷ் காட்டியது.

பள்ளி முதல்வர் என் வயதுக்காரர். பருத்திப் புடவை, தலையில் மல்லிகைப்பூ, நெற்றியில் விபூதிக் கீற்று. தமிழ்நாட்டில் எந்தக் கோயில் பிரகாரத்தில் பார்த்தாலும் பக்கத்தில் போய்ப் பேசத் தோன்றும் முகம். ஆங்கிலத்தில் வரவேற்றார். நான் மலேசியாவில் வேலை பார்ப்பதாகச் சரவணன் முன்கூட்டியே எழுதியிருந்தான் போலிருக்கிறது. அவருடைய புன்னகை ஒரு சுற்று பெரிதானது. வீட்டில் என்ன மொழி என்று என்னைக் கேட்டார். பெரும்பாலும் ஆங்கிலம்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கேவலம், வாய் கூசாமல் சொன்னேன்.

நடுவில் அவருடைய கைப்பேசி அடித்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்தவர், "ஏம்மா, சாம்பாருக்குப் புளி கம்மியா ஊத்து, நேத்து வாயில வெக்க முடியல" என்று சொல்லி வைத்தார். அடுத்த நொடியே ஆங்கிலத்துக்குத் திரும்பி, குழந்தையின் மொழிச்சூழல் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு எடுத்துச் சொன்னார்.

பிறகு குழந்தையிடம் நிறம் கேட்டார், பழம் கேட்டார். எல்லாவற்றுக்கும் தியா சரியாகப் பதில் சொன்னது. உன் மம்மி எங்கே என்று கேட்டார். குழந்தை என்னைப் பார்த்தது. கொஞ்சமும் தடுமாறாமல் விரலை நீட்டி, "திஸ் இஸ் மை மம்மி" என்றது.

முதல்வர் கைதட்டினார். முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டாளே, எவ்வளவு கெட்டிக்காரி என்று பாராட்டினார். அந்தக் குழந்தை வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய், அதற்குக் கைதட்டல், இலக்கணம் சரியாக இருந்ததற்காக.

உற்சாகத்தில் அவர் இன்னொன்று கேட்டார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? இதற்கு யாரும் குழந்தையைப் பழக்கவில்லை. அது யோசித்தது. மம்மி என்ற சொல்லை என்னிடம் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருப்பவளுக்கு மிச்சமிருந்தது அப்பா கூப்பிடும் பெயர்தான்.

"செல்வி" என்றது.

யார் செல்வி, வீட்டு வேலைக்காரியா என்று முதல்வர் சரவணனைப் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சரவணன் நெற்றி வேர்த்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம் அவன் என்னைப் பார்த்தான்.

"எஸ் மேடம்" என்றான்.

நான் எழுந்துவிட்டேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்திருக்கலாம், மிஞ்சிய மானமாவது தப்பியிருக்கும். தமிழ்தான் வந்தது. "அவ வேலைக்காரி இல்லைங்க. இந்தப் பிள்ளையப் பெத்தவ. நான் அத்தை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம்" என்றேன்.

முதல்வர் முகம் மாறவில்லை. நேர்மைதான் எங்கள் பள்ளியின் முதல் பாடம் என்றார் ஆங்கிலத்தில். அவருக்குப் பின்னால் சுவரிலும் அது ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது. நேர்மையைப் பற்றி நீங்கள் பேசவேண்டாம், இப்போதுதான் சாம்பாருக்குப் புளி குறைக்கச் சொன்னீர்கள், அந்தச் சாம்பாரை எந்த மொழியில் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். இது நியாயமான கேள்வியா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். குழந்தை ஒன்றும் புரியாமல், அவரிடம் "தேங்க்யூ மேம்" என்றது.

தெருவில் சரவணன் முன்னால் நடந்தான். டெம்போ நிறுத்தத்தில்தான் திரும்பினான். "நீ ஊருக்குப் போயிடுவக்கா. நாளைக்கு ஒவ்வொரு ஸ்கூலாப் படியேறி எறங்கப் போறவன் நான்தான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

வீட்டில் செல்வி கேசரி கிண்டி வைத்திருந்தாள். முந்திரி தூக்கலாக, நெய் மிதக்க. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அக்கா எல்லாத்தையும் ஒடச்சிட்டாங்க என்று சரவணன் சுருக்கமாகச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான். நான் நடந்ததைச் சொன்னேன். வேலைக்காரி என்றார்கள், அதனால்தான் என்று சொன்னேன். அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டுப் போவட்டுமே அண்ணி. அந்தம்மா சொல்றதால நான் கொறஞ்சா பூடுவேன்? புள்ளைக்கு சீட்டு கெடச்சிருக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, "உங்களுக்கு மூணு பாஷ தெரியும். அதனால உங்களுக்குக் கோவம் வருது. எனக்கு ஒண்ணுதான் தெரியும். எனக்கு பயந்தான் வருது" என்றாள்.

நான்தான் அவளுக்காகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. அந்தம்மா கேட்கத்தான் செய்தார், ஆமாம் என்று சொன்னவன் உன் புருஷன் என்று சொல்லிவிட்டேன்.

செல்வி திரும்பிப் பார்த்தாள். சரவணன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் அவனைவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பை அணைத்தாள், கேசரியை ஒரு தட்டில் போட்டுக் குழந்தை முன்னால் வைத்தாள். ஈட் என்று சொல்லவில்லை. சாப்பிடு என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் எந்த மொழியும் இல்லை.

மறுநாள் நான் கிளம்பினேன். தோட்டு டப்பாவைச் செல்வியிடம் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டாள். போயிட்டு வாங்க என்றதோடு சரி. சரவணன் பேருந்து நிலையம்வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டு, பேருந்து புறப்படும் முன்பே திரும்பி நடந்தான். கோபத்தில் நியாயம் இருந்துவிட்டால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, இந்தப் பள்ளிகள்மீது, அந்தக் காபிக்கடைமீது, தம்பிமீது, என்மீது என்று கோபம் மாறி மாறி வந்தது. யார்மீதும் அது குறையவில்லை.

கிள்ளானில் வேலை பிடித்து இழுத்துக்கொண்டது. புதுச்சேரியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானும் கூப்பிடவில்லை, என்ன முகத்தோடு கூப்பிடுவது? சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வியே கூப்பிட்டாள்.

அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லையாம். பொய் சொல்லும் குடும்பத்துக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்த ஊர் முழுக்கப் பொய் சொல்ல வைத்துவிட்டு இப்படி ஒரு நீதி. நான் ஆரம்பிப்பதற்குள் அவள் தடுத்தாள். சாரம் பக்கம் வேறொரு பள்ளியில் சேர்த்தாகிவிட்டது, அதுவும் இங்கிலீஷ் பள்ளிதான், நீங்க கத்துனதுக்காகத் தமிழ்ப் பள்ளியில் சேர்ப்பேன் என்று நினைக்கவேண்டாம் என்றாள். அங்கே நேர்காணலுக்கு யார் போனது என்று கேட்டேன்.

"நான்தான் போனேன். அவர வீட்டுல இருங்கன்னுட்டேன். அந்த மேடம் இங்கிலீஷ்ல கேட்டாங்க. எனக்கு வராது, தமிழ்ல கேளுங்கன்னேன். கேட்டாங்க."

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள். அவளுக்கு இங்கிலீஷ் வேணும் அண்ணி, நல்லா வரட்டும், ஆனா அதுக்கு என் வாயைப் பூட்டிக்கறதா இல்ல என்றாள். சரவணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, இருக்காரு என்றாள். அந்த ஒரு சொல்லில் இன்னும் தீராத கணக்கு இருந்தது. போன வாரம் தியாவுக்குக் காது குத்தியாகிவிட்டதாம், என்னுடைய தோடுதானாம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அடியே, காதுல கை வெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது, புண்ணு ஆறவே ஆறாது, அப்புறம் ராத்திரி பூரா நீ அழுவ, நான் தூக்கிக்கிட்டு நடக்கணும், எங்கருந்துதான் வந்து வாய்ச்சியோ, எடுடி கைய" என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் தியாவின் குரல் கேட்டது.

"அம்மா, அத்த போன்ல இருக்காங்க. மெதுவா திட்டு."